சாவு வீட்டில் நீட்டும் உறை நட்டஈடு அல்ல



பேலியகொடை மெனிங் சந்தைக்கு நடுச்சாமத்தில் போய்ப் பாருங்கள். நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் மரக்கறி லொறிகள் வந்து வரிசையாக நிற்கும். மூட்டை இறக்குகிறவன், லொறியில் கிளீனராக வந்தவன், பக்கத்து மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன் என்று யாரிடமாவது ஊர் எது என்று கேளுங்கள். லிந்துலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, பசறை என்று பதில் வரும். தோட்டத்துச் சம்பளத்தில் அடுப்பு எரியாததால், சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்குப் பஸ் ஏறிய நம் பிள்ளைகள் அவர்கள். நான் படிப்பித்த பையன்களும் அங்கே இருக்கிறார்கள்.

கினிகத்தேனை வளைவிலும் கடுகண்ணாவை இறக்கத்திலும் மூட்டைகளுக்கு மேல் படுத்துத் தூங்கிக்கொண்டே பயணம் செய்கிறவர்களும் இவர்கள்தான். லொறி புரண்டால் முதலில் விழுகிறவன் இவன். சந்தைக்குள் லொறி பின்னால் வரும்போது மூட்டையோடு நடுவில் மாட்டிக்கொள்கிறவனும் இவன்.

அப்படி ஒருவன் செத்தால் என்ன நடக்கிறது? பெட்டி லயத்துக்கு வருகிறது. பின்னாலேயே லொறி முதலாளியின் ஆள் வருகிறார், ஒரு உறையோடும் சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியோடும். “செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்பதுதான் அந்தக் கடதாசியின் பொருள். கண்ணீரோடு இருக்கிற தாய் அதை வாசிக்கவா போகிறாள்? சாட்சிக்குக் கையெழுத்துப் போட நம்மிலேயே ஒரு தலைவர் பேனாவோடு தயாராக நிற்கிறார். இந்த வியாபாரத்தை நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த உறை நட்டஈடு அல்ல. இது என் அபிப்பிராயம் அல்ல, சட்டம் சொல்வது.

1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சர்வசன வாக்குரிமை கிடைத்து, அரசாங்க சபை அமைந்து, தோட்டங்களில் முதல் தொழிற்சங்கங்கள் தலைதூக்கிய காலத்துச் சட்டம் அது. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தில் தொழிலாளி இறந்தால், நட்டஈட்டுப் பணத்தை முதலாளி வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடமே கட்ட வேண்டும். அவர்தான் அதை மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று தங்கியிருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். முதலாளி நேரடியாக வீட்டில் கொடுத்தது நட்டஈடாகக் கணக்கில் சேராது. உரிமையைக் கைவிடுவதாகத் தொழிலாளியிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தமும் செல்லாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட குடும்பமும் “எல்லாம் போச்சு” என்று உட்கார்ந்துவிட வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தில் முதலாளியின் குற்றத்தை நாம் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. பிரேக் வேலை செய்ததா, சாரதி தூங்கினாரா என்ற விசாரணை வேறு. வேலையில் இருந்தான், வேலையால் அடிபட்டான் என்பதே போதும். உயிர் தப்பியவனுக்கும் உரிமை உண்டு. கை, கால் போனால் மொத்தத் தொகை. சில காலம் வேலை செய்ய முடியாவிட்டால் அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நேரும் விபத்தும் அதில் சேர்க்கப்பட்டது. இப்போது அந்த உறையின் கனத்தை இதோடு வைத்து நிறுத்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி மாவட்ட நீதிமன்றம். கொழுந்து நிறுத்துவிட்டு வீதியோரம் நடந்து வரும் தாயை லொறி மோதினால், அவர் அந்த முதலாளியின் ஆள் இல்லை. அங்கே சாரதியின் கவனயீனத்தைக் காட்டி நட்டஈட்டு வழக்குப் போட வேண்டும். வேலை நேரத்தில் சாரதி செய்த தவறுக்கு அவரை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பு. 1951-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த லொறியும் வீதியில் ஓடக்கூடாது. எனவே காப்புறுதிக் கம்பனிக்கும் உரிய காலத்தில் அறிவித்தல் அனுப்ப வேண்டும். இந்த வழக்கை 2 வருடங்களுக்குள் போட்டாக வேண்டும். “பார்ப்போம், பேசுவோம்” என்று முதலாளியின் ஆள் நாள் கடத்துவது எதற்காக என்று இப்போது புரிகிறதா?

நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்குத் தண்டம் விதித்தால் வழக்கு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. வீட்டுக்கு ஒரு சதமும் வராது. அது பொலிஸ் வழக்கு. நட்டஈடு வேறு வழக்கு. மோதிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

“வழக்கென்றால் இழுபடும், காசெல்லாம் லோயருக்கே போகும்” என்பார்கள். மாவட்ட நீதிமன்ற வழக்கு இழுபடும் என்பது உண்மைதான். ஆனால் ஆணையாளரிடம் போவது வேறு பாதை. வறியவர்களுக்கு உதவ 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஒரே முதலாளியிடம் இரண்டு வழியிலும் வாங்க முடியாது. ஆகவே எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

“முதலாளி நல்ல மனுசன், பெட்டியும் வாங்கித் தந்தார்” என்றும் சொல்வார்கள். நல்லது, நன்றி சொல்லுங்கள். கொடை ஒரு கணக்கு, கடன் ஒரு கணக்கு. கொடையைக் காட்டிக் கடனை அழிக்க விடாதீர்கள்.

2023 ஜனவரி 20-ஆம் திகதி நானுஓயா ரதல்லையில் பஸ் ஒன்று வானையும் முச்சக்கர வண்டியையும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11-ஆம் திகதி கொத்மலை கரண்டி எல்லயில் பஸ் கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடே பார்த்தது. கொத்மலைச் சாவுகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை அறிவித்தது. ஆனால் மரக்கறி மூட்டையோடு தனியாக விழுந்து சாகிறவனுக்கு அமைச்சர் வரமாட்டார், கெமராவும் வராது. அவனுக்கு இருப்பது சட்டம் ஒன்றுதான். அதையும் சாவு வீட்டிலேயே விற்றுவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்?

முதலாளி சொல்லும் முதல் வார்த்தை “இவன் என் ஆள் இல்லை” என்பதுதான். ட்ரிப் கணக்கில் கையில் காசு கொடுப்பதும், சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதி இரண்டும் இல்லாமல் வேலை வாங்குவதும் இந்த வார்த்தைக்காகத்தான். கொழும்பில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் லொறி இலக்கம், முதலாளி பெயர், கிடைக்கும் காசு, கூட வேலை செய்யும் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விபத்து நடந்தால் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும் வைத்தியசாலைத் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். வாசித்து விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வேண்டாம். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

கடைசியாக நம் சங்கத்துக்கு. செக்ரோலில் பெயர் இருக்கிறவனிடம் சந்தா பிடிக்கிறோம். பெயர் இல்லாமல் பேலியகொடையில் மூட்டை தூக்குகிறவன் யாருடைய பிள்ளை? அவனையும் அங்கத்தவனாகச் சேர்க்க வேண்டும். சாவு வீட்டுக் கடதாசியில் எந்தத் தோட்டத் தலைவரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது என்று அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தீர்மானம் வர வேண்டும். அதை நானே முன்மொழிவேன். ஆமோதிக்க ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஆள் வரட்டும்.