ஏழரை மணி ஆட்டமும் தொப்பூர் இறக்கமும்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் போட்ட 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முன்னாள் நீதிபதி நாகேஸ்வர ராவ் மேற்பார்வையில் விட்ட டெண்டருக்கு அதே ஆண்டு நவம்பரில் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) 2025-26 சீசனில் நடக்குமா என்பதே தெரியாமல் இருந்தபோது, நம் வாடகை வண்டிச் சங்க உறுப்பினர்கள் அத்திபெலே அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டது ஒன்றுதான்: "மேட்ச் புக்கிங் அட்வான்ஸ் வாங்கலாமா, வேண்டாமா?"

வாங்கலாம். ஆனால் ஆட்ட நேரம் தெரியாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

இந்தத் தமிழ்நாடு-கர்நாடக எல்லையின் வியாபாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. சென்னையின் எஃப்.சி. ரசிகர் ஆனாலும் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை ஆனாலும், சாலை வழியே பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வாசல் ஓசூரும் அத்திபெலேயும்தான். 2018 மார்ச் 17 இறுதிப் போட்டி நினைவிருக்கும். பெங்களூருவை அதன் சொந்த மண்ணில் 3-2 என்று சென்னை சாய்த்த அன்றிரவு, எல்லையில் ஒரு டெம்போ டிராவலர்கூடச் சும்மா நிற்கவில்லை.

ஆட்டம் எப்போது தொடங்க வேண்டும் என்பதை டி.வி. தீர்மானிக்கிறது. 2023-24-இல் இரவு ஆட்டம் எட்டு மணிக்குப் போனது. அடுத்த சீசனில் ஏழரைக்கு வந்தது. (ஏழரை என்றாலே நம் ஊரில் ஒரு மாதிரிதான்.) எட்டு மணி ஆட்டம் முடியப் பத்து ஆகிவிடும். பத்தரைக்கு மேல் கிளம்பும் சென்னை மெயிலைப் பிடிக்க மெஜஸ்டிக்குக்கு ஓட வேண்டும். ஓடிப் பிடிக்க முடியாது என்று நினைப்பவர் முன்கூட்டியே நம் வண்டியைப் பேசிவிடுகிறார். உண்மையைச் சொன்னால், ஆட்டம் தாமதமானால் லாபம் நமக்குத்தான். அதனால்தான் ஆட்ட நேரத்தைப் பற்றி இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கொச்சி சவாரியை எடுத்துக்கொள்வோம். ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர். ஓட்டுநர் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, மாலை நாலு மணிவாக்கில் நகருக்குள் வந்து சேர்கிறார். ஸ்டேடியத்தைச் சுற்றி வேன் நிறுத்த இடம் கிடைக்காது. கிடைக்கிற சந்தில் போடுகிறார். பின் சீட்டில் சுருட்டிய பேனர், பக்கத்தில் செண்டை, மேலே கொசு. கண்ணை மூடினால் போக்குவரத்துக் காவலர் கண்ணாடியைத் தட்டுகிறார். ஒன்பதரைக்கு ஆட்டம் முடிந்து, காணாமல் போன இருவரைத் தேடி, பிரியாணி வாங்கி, சில்க் போர்டு தாண்டி அத்திபெலே வர நள்ளிரவு. கிருஷ்ணகிரி, தருமபுரி கடந்து தொப்பூர் இறக்கத்துக்கு அவர் வரும்போது மணி இரண்டேகால். விழித்து இருபத்திரண்டு மணி நேரம். அந்த இறக்கம் எத்தனை லாரிகளைப் பார்த்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 மார்ச் 3 நாக்-அவுட் ஆட்டம்போலக் கூடுதல் நேரத்துக்குப் போனால், அன்று நடந்ததுபோல ஒரு அணி களத்தைவிட்டே வெளியேறினால், எந்தக் கணக்கும் செல்லாது.

இருபது வருடமாக இந்தப் பக்கத்தில் ஓட்டுநர் தூக்கத்தைப் பற்றியே எழுதுகிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைதான். என் வண்டியை ஓட்டிய ஒருவர் வாணியம்பாடி அருகே விடியற்காலையில் மீடியனில் ஏற்றினார். உயிர் பிழைத்தார், மறுபடி ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. "கண்ணை மூடவே இல்லண்ணே" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சத்தியம் செய்தார். மூடியதே அவருக்குத் தெரியாது.

ஓட்டுநருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலைதான் என்று 1961-இலேயே சட்டம் போட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு அந்த வரம்பைத்தான் சுட்டியது. 2025 நவம்பரில் அந்தப் பழைய சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புக்குள் கரைந்தது. எல்லையில் வண்டியின் தகுதிச் சான்று (எஃப்.சி.) கேட்கிறார்கள், பர்மிட் கேட்கிறார்கள், வரி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். "எத்தனை மணிக்கு எழுந்தாய்?" என்று ஒரு அதிகாரி கேட்டு நான் கண்டதில்லை. கால்பந்து ஆட்களுக்கோ நாம் இருப்பதே தெரியாது. உச்ச நீதிமன்றம்வரை போன கூட்டமைப்பு வழக்கில் சங்க விதி, தேர்தல், கிளப், ஒளிபரப்பு எல்லாம் பேசினார்கள். ஆட்டம் முடிந்து வீடு போகிறவனைப் பற்றி யார் பேசினார்கள்?

ஜெர்மனியில் பேசவைத்தார்கள். திங்கள் இரவு ஆட்டங்களை எதிர்த்து 2018-இல் ஃபிராங்க்பர்ட் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். அதே ஆண்டு லீக் இறங்கிவந்து, 2021-22 முதல் திங்கள் ஆட்டம் கிடையாது என்றது. அங்கே அவர்கள் கேட்டது மறுநாள் வேலைக்குப் போகும் வசதி. நாம் கேட்பது அதைவிடச் சின்னது.

யார் புதிதாக உரிமை எடுத்தாலும், தென்னக அணிகள் மோதும் ஆட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைக்கட்டும். தேதியை ஆறு வாரம் முன்னால் சொல்லி, பிறகு மாற்றாமல் இருக்கட்டும். கூட்டமைப்புக்கு இந்த வாரம் கடிதம் போகிறது. பதில் வரும் என்று நான் நம்பவில்லை.

ஆகவே நம் கையில் இருப்பதைச் செய்வோம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. வண்டியை அங்கேயே ஓரங்கட்டி, ரசிகர்களை ரயிலேற்றிவிடுங்கள், ஆர்.வி. ரோடு, மெஜஸ்டிக் என்று இரண்டு இடத்தில் மாறினால் கப்பன் பார்க். அந்த ஐந்து மணி நேரம் ஓட்டுநர் காலை நீட்டித் தூங்கட்டும். ஏழரைக்கோ அதற்குப் பிறகோ தொடங்கும் ஆட்டமென்றால் இரண்டாவது ஓட்டுநர், இல்லையேல் ஓசூரில் ஹால்ட். அந்தச் செலவைப் பேட்டாவோடு சேர்த்து ரேட்டிலேயே சொல்லிவிடுங்கள். "பக்கத்து ஸ்டாண்டில் குறைவாகச் சொல்கிறார்களே" என்று பார்ட்டி கேட்டால், அங்கேயே போகச் சொல்லுங்கள்.

2026 ஜனவரி முதல் நம் டிரிப் ஷீட்டில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும்: ஓட்டுநர் கடைசியாகத் தூங்கி எழுந்த நேரம். அதை ஓட்டுநரே தன் கையால் எழுத வேண்டும்.