ஒரு சிறுநீரகம் சிறியதாக இருந்தால் மூட்டை தூக்கலாமா?

"எனக்கு 41 வயது. வயிற்றுவலிக்காக ஸ்கேன் எடுத்தபோது வலது சிறுநீரகம் 7 செ.மீ., இடது 12 செ.மீ. என்று வந்தது. 'பிறவியிலேயே வளராத கிட்னியாக இருக்கலாம்' என்கிறார்கள். அதை எடுத்துவிட வேண்டுமா? மூட்டை தூக்கலாமா?"

- வாசகர், அரூர்.

வளர்ந்தவர்களுக்குச் சிறுநீரகம் பொதுவாக 9 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும். கருவில் இருக்கும்போதே ஒன்று முழுதாக வளராமல் நின்றுபோவது உண்டு. தொந்தரவு எதுவும் தராததால், வேறு எதற்கோ எடுக்கும் ஸ்கேனில்தான் பலருக்கு அது தெரியவருகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மற்றொரு சிறுநீரகம் கூடுதல் வேலையை ஏற்றுச் சற்றுப் பெருத்திருக்கும். அரூர் வாசகரின் இடது சிறுநீரகம் 12 செ.மீ. இருப்பது அந்த வகையில் நல்ல சேதிதான்.

ஆனால், அளவை மட்டும் வைத்து 'பிறவி' என்று முடிவு கட்டக் கூடாது. பிஞ்சிலேயே வளராமல் நின்ற காய் வேறு. நன்றாகப் பருத்த பிறகு நோய் தாக்கிச் சூம்பிய காய் வேறு. பிறவியில் சிறுத்தது ஸ்கேனில் வடிவம் கெடாமல், ஓரம் வழவழப்பாகத் தெரியும். அடிக்கடி வந்த சிறுநீர்த் தொற்றால் சுருங்கியது தழும்பேறி, ஓரம் குழிகுழியாக இருக்கும். கல் அடைத்துக் கெட்டதில் உள்ளே வீக்கம் தெரியலாம். ரத்தக்குழாய் சுருங்கியதால் சிறுத்ததும் வழவழப்பாகவே தெரியலாம் என்பதுதான் இதில் சிக்கல். அதனால் பிரஷர் கட்டுக்குள் வராதவர்களுக்கு டாப்ளர் ஸ்கேன் தேவைப்படும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் வீட்டில் கிடந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. 10 ஆண்டுகளுக்கு முன் 10 செ.மீ. இருந்தது இன்று 7 செ.மீ. என்றால், அது பிறவிக் குறை அல்ல. காரணத்தைத் தேடியாக வேண்டும்.

அடுத்து, ரத்தத்தில் கிரியாட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் அல்புமின், பிரஷர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, அல்புமின் தொடர்ந்து கசிந்தாலோ சிறுநீரகச் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பது அவசியம். எல்லாம் சரியாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை இதே பரிசோதனைகள் போதும்.

சிறுத்த சிறுநீரகத்தை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. அதனாலேயே பிரஷர் அடங்காமல் ஏறினாலோ, தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோதான் அறுவை சிகிச்சைப் பேச்சு எழும். பரிசோதனைகள் சரியாக இருந்தால் மூட்டை தூக்கவும் உழவு ஓட்டவும் தடையில்லை. தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுத்தது வளர்ந்துவிடும் என்பது மட்டும் நடக்காத காரியம்.

உண்மையான ஆபத்து, மூட்டையைவிட, மூட்டை தூக்கிய பிறகு போடும் வலி மாத்திரையில் இருக்கிறது. நடவு, அறுப்பு நாட்களில் உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவது ஊர்களில் சர்வசாதாரணம். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஒன்றை நம்பியே இருப்பவர் இந்த விளையாட்டுக்கே போகக் கூடாது. வலிக்கு பாராசிட்டமால், அதுவும் அளவோடு. என்ன சேர்ந்தது என்று தெரியாத பொடி, பஸ்பங்களையும் தவிர்ப்பது நல்லது. எந்த மருத்துவரிடம் போனாலும், ஊசி போடுவதற்கு முன்பே 'ஒரு கிட்னி சிறியது' என்று சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகள் முதல் பரிசோதனையிலேயே சொல்வது முக்கியம்.

பிரஷர் 130/80-க்குள் இருப்பது நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ளதும் அந்தக் கணக்கில் சேரும்.

விலாவில் கடும் வலி, குளிர் காய்ச்சல், சிறுநீர் திடீரெனக் குறைவது அல்லது நின்றுபோவது... இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நன்றாக வேலை செய்யும் அந்த ஒரு சிறுநீரகத்தைக் கல் அடைத்துக்கொண்டால், விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க நேரமில்லை.