தோல் வறட்சி: க்ரீமுக்கு முன் கேட்க வேண்டியவை

முழங்காலுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்தால் வெள்ளையாக அப்படியே நிற்கும். உற்றுப் பார்த்தால் தோல் பாளம் பாளமாகப் பிளந்து, ஓரங்களில் செதில் பொடிப்பொடியாக உதிர்வது தெரியும். மார்கழியில் மட்டும் இப்படி என்றால் பனியைக் காரணம் சொல்லலாம். ஈரக்காற்று வீசும் சென்னையிலும் தூத்துக்குடியிலும்கூட ஆண்டு முழுக்கத் தோல் வறண்டு, அரிப்போடு இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விளம்பரங்களும் அழகுக் குறிப்புப் பக்கங்களும் தரும் ஒரே பதில் க்ரீம். தோலில் ஏதோ குறைகிறது, வாங்கிப் பூசுங்கள் என்கிறார்கள். ஆனால் பலரின் தோலில் இருப்பதை அவர்களே தினமும் கழுவிக் களைகிறார்கள். வேறு சிலருக்கு, உள்ளே இருக்கும் நோயைத் தோல் வெளியே காட்டுகிறது. இந்த இரண்டையும் விசாரிக்காமல் க்ரீம் பூசினால் வறட்சி மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

உடலின் ஈரத்தைக் காப்பது தோலின் மேலடுக்கு. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு தாளில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. இறந்த செல்களும் அவற்றுக்கு இடையே நிரம்பிய கொழுப்பும் சேர்ந்ததுதான் அது. அந்தக் கொழுப்பு கரைந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகும். இந்த அடுக்கு நன்றாக வேலை செய்ய லேசான அமிலத்தன்மை வேண்டும். இயல்பான தோலின் பிஹெச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். நாம் தேய்க்கும் சோப்போ காரம். 2014-இல் வெளியான ஆய்வில் கேரள மருத்துவர்கள் கடைகளில் கிடைத்த 64 குளியல் சோப்புகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றின் பிஹெச் 9-க்கும் 10-க்கும் இடையே இருந்தது. ஆனால் உறையில் நமக்குக் காட்டப்படுவது டிஎஃப்எம் என்ற எண். அது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. முதல் தரச் சோப்புக்கு 76 விழுக்காடு வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இந்த எண் கூடினால் தோலுக்கு நல்லது என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். 76 விழுக்காடு உள்ள சோப்பும் காரமாகவே இருக்கலாம். தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும், பிஹெச் 5.5 உள்ள கட்டிகளில் டிஎஃப்எம் குறைவாக இருப்பது வழக்கம், ஏனென்றால் அவை சோப்பே அல்ல. வேறு வகைச் சுத்திகரிப்பான்கள்.

இதோடு உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. போர்வெல் நீரை நம்பியிருக்கும் வீடுகளில் குழாய் வாயில் வெள்ளைப் பொருக்குக் கட்டியிருக்கும், வாளியின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும், சோப்பில் நுரை எழவே எழாது. நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி வாளியில் படிவதுபோலவே தோலிலும் படிகின்றன. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பு தேய்க்கிறோம். குடிநீரில் இந்த உப்புகளால் வரும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரம். அது குடிப்பதற்கான கணக்கு. குளிக்கும் நீரை யாரும் அளப்பதில்லை. இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இங்கிலாந்தில் கரப்பான் நோயுள்ள 336 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. வீட்டில் நீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியும் 12 வாரத்தில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆகவே தண்ணீரைக் குறை சொல்வது வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த ஆய்வின் முடிவை நான் ஏற்கிறேன். ஆயிரக்கணக்கில் கொட்டிக் கருவி வாங்கச் சொல்ல அதில் ஆதாரமில்லை. ஆனால் பிறகு ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடின நீரில் கழுவும்போது நுரை தரும் பொருள் தோலில் அதிகமாகத் தங்கி எரிச்சல் தருவதைக் கண்டார்கள். அப்படியானால் மாற்ற வேண்டியது நீரை அல்ல, அதோடு சேர்க்கும் சோப்பையும் அதன் அளவையும்.

வியர்த்து வழியும் ஊரில் சோப்பைக் குறைப்பதா என்று கேட்பார்கள். வியர்வை நாற்றம் முக்கியமாக அக்குளிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும்தான் பிறக்கிறது. அங்கே சோப்பு போடட்டும். வெயிலிலும் புழுதியிலும் உழைக்காத ஒருவரின் கை கால் முதுகுக்கு வெறும் தண்ணீரே பெரும்பாலான நாட்களில் போதும். கழிப்பறைக்குப் பிறகும் சாப்பிடும் முன்பும் கைக்குச் சோப்பு கட்டாயம் வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. நாம் விட வேண்டியவை வேறு: கொதிக்கக் கொதிக்க வெந்நீர், காலையும் மாலையும் உடம்பு முழுக்க நுரை, பிளாஸ்டிக் நாரால் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பது, வாளியில் தினமும் கிருமிநாசினி ஊற்றுவது. பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும் சிமென்ட் கலக்கும் கொத்தனார், சித்தாள்களுக்கும் இந்தத் தேர்வுகூட இல்லை. ஈரச் சிமென்டின் பிஹெச் 12-ஐத் தாண்டும். அவர்களுக்குத் தேவை கையுறை.

நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரைக்கு வலுவான ஆதாரம் இல்லை. மிகக் குறைவாகக் குடிப்பவர்களுக்குச் சிறு பலன் இருக்கலாம், அவ்வளவே.

அதிகம் கவலைப்பட வேண்டியது உள்ளிருந்து வரும் வறட்சிக்குத்தான். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் அளவு 11.4. சர்க்கரை பல ஆண்டு கட்டுப்படாமல் போனால் வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் பழுதாகின்றன. பாதம் வியர்ப்பது நிற்கிறது, குதிகால் காய்ந்து வெடிக்கிறது. அதை எல்லோரும் பித்தவெடிப்பு என்று விட்டுவிடுகிறார்கள். உணர்ச்சி நரம்பும் மரத்திருப்பதால் வெடிப்பு ஆழமானாலும் வலிக்காது. அதன் வழியே கிருமி நுழைந்து, புண் ஆறாமல், விரலையோ காலையோ எடுக்கும் நிலைவரை போகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் தோல் வறண்டு சொரசொரப்பாகும். சோர்வும் எடை கூடுவதும் சேர்ந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அதுவே போதுமான காரணம். நாள்பட்ட சிறுநீரக நோயிலும் வறட்சியும் அரிப்பும் வரும். சிறுநீர் பிரியத் தரும் மாத்திரைகளும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளும் சிலருக்குத் தோலை உலர்த்தும். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பார்க்க ஏழைக்கு எங்கே வசதி என்பதே மிக வலுவான கேள்வி. பிஹெச் 5.5 கட்டியின் விலை சாதாரணச் சோப்பைப்போல் பல மடங்கு. ஆனால் சோப்பைக் குறைக்கச் செலவில்லை. குளித்து ஈரம் காயும் முன் தேய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் ஆதாரம் இருக்கிறது: பிலிப்பைன்ஸில் 34 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், வறண்ட தோலுக்கு அது மினரல் ஆயிலுக்கு இணையாகப் பலன் தந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம் வீட்டில் இருக்கும் பொருள். மற்றதை அரசு செய்ய வேண்டும். டிஎஃப்எம் அச்சிடும் உறையில் பிஹெச் அளவையும் அச்சிடச் சொல்வதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய, தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் பணியாளர் ஒவ்வொரு முறையும் நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலையும் விரலிடுக்கையும் பார்த்து, வெடிப்பு இருந்தால் அட்டையில் குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும்.