முறத்தோடு வாசலுக்குப் போன அத்தை

போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மனஸ்தாபம். ராசிபுரத்துப் பக்கம் எங்கள் காட்டில் விளைந்த கொள்ளை வேகவைத்துக் கடைந்திருந்தேன். முதல் வாயிலேயே அவருக்குக் கல் கடிபட்டது. கொள்ளைப் புடைத்துக் கல் பார்த்துக் கொடுத்தவர் என் மாமியார். "ஏனுங்க அத்தை, பார்த்துத்தான் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட தோரணை சரியில்லை என்பது எனக்கே தெரிந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து சமையற்கட்டுப் பக்கமே வரவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். காலை பதினொரு மணி வெயிலில், வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பொடிக்கல், மண்கட்டி எல்லாம் தனியாக ஒரு குவியல். ஒன்றுகூடத் தப்பவில்லை! "உள்ளே புகை மூடின மாதிரி இருக்குது கண்ணு. இங்கே வந்தா பளிச்சுனு தெரியுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அறுபது வயதில் கண்ணின் பாவை சுருங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் லென்ஸும் மஞ்சள் பூத்துவிடுகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அப்போது போய்ச் சேருமாம். நமக்குப் போதுமான விளக்கு அவர்களுக்கு மாலைக் கருக்கல். கொள்ளும் கல்லும் ஒரே நிறமாயிருந்தால் கேட்கவே வேண்டாம். கறுப்புப் புடவைக்குக் கருநீல ரவிக்கை போட்டுக்கொண்டு அத்தை கல்யாணத்துக்குக் கிளம்பியபோது நானும்தான் சிரித்தேன்.

சேலத்தில் கண் டாக்டரிடம் காட்டினோம். புரை ஆரம்பம், இப்போதைக்குக் கண்ணாடி போதும் என்றார். "புரை முற்றட்டும்" என்று வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் போய்விட்டது, அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே ஆபரேஷன் செய்துகொள்ளலாமாம். டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று சேலத்திலும் கிளை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒருமுறை விழித்திரையைக் காட்டியே ஆகவேண்டும். திடீரென்று திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்தாலோ, கண்வலியோடு விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

வீட்டுக்கு வந்து அவர் முதலில் செய்தது, உத்தரத்தில் பெரிய பல்பு மாட்டியது. அத்தைக்குக் கண் கூசியதுதான் மிச்சம்! வயதான கண்ணுக்கு வெளிச்சமும் வேண்டும், கூசவும் கூடாது. விளக்கு கிட்டே வரவேண்டும். இரண்டு முழ தூரத்திலிருந்து ஒரு முழத்துக்கு வந்தால் வெளிச்சம் நாலு பங்காகிறது. அதனால் மேடைக்கு மேலே, கண்ணில் படாதபடி மூடி போட்டு, ஒன்பது வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்று வைத்தோம். பழைய அறுபது வாட் குண்டு பல்பின் வெளிச்சம் அதில் வந்துவிடுகிறது.

வெயிலிலிருந்து உள்ளே வந்தால் அத்தைக்குக் கண் பழக நேரமாகிறது. அதனால் நடையில் பகலிலும் ஒரு விளக்கு எரிகிறது. புழக்கடைப் படியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பட்டை இழுத்தேன். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் சின்ன விளக்கு. மோர் கொடுப்பது அடர்நிறத் தம்ளரில். எவர்சில்வரில் மோர் எதுவரை இருக்கிறதென்று தெரியாமல்தான் மேலே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது அத்தை மறுபடி சமையற்கட்டில். கல் ஒன்று தப்புவதில்லை. நான் தேய்த்த பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கும் தப்புவதில்லை!