வண்டிகளை அல்ல, ஆட்களை எண்ணுங்கள்

தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பேருந்துகளுக்கென்றே 5.8 கிலோமீட்டர் தனித்தடம் 2008 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கார்க்காரர்கள் கொதித்தார்கள். வழக்கும் வந்தது, 2012-ல் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2015-ல் தில்லி அரசு தடத்தை நீக்க முடிவெடுத்து, அடுத்த ஆண்டே இடிக்கத் தொடங்கிவிட்டது.

குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. நடுச்சாலையில் இருந்த நிறுத்தத்துக்கு ஓடிக் கடக்க வேண்டும். சிக்னலில் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். சாலை ஒரு துறையிடம், சிக்னல் போலீசிடம், பேருந்து இன்னொருவரிடம். கன்ட்ரோல் ஆபீஸ் இல்லாமல் ரயில் ஓட்டச் சொன்னால் ரயில்வேக்காரர்களான நாங்கள் சிரிப்போம்! இங்கே குறையைத் திருத்தாமல், சிக்னல் கெட்டதற்குத் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள்.

ஐம்பது அறுபது பேரைச் சுமக்கும் பேருந்து அடைப்பது இரண்டு மூன்று கார்களின் இடம். அந்தக் கார்களில் பெரும்பாலும் ஆளுக்கொரு வண்டி. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் நம் பெண்களுக்கோ அரைமணி தாமதமானால் கூலியில் வெட்டு.

அடுத்த சாலைத் திட்டத்துக்கு முன் அதிகாரிகள் காலை ஏழு மணிக்கு நிறுத்தத்தில் நின்று ஆட்களை எண்ணட்டும். எண்ணுவதற்குச் சங்கத்திலிருந்து ஆள் அனுப்ப நாம் தயார்.