மகளிர் அரங்கம்: புல்வெளியைத் திறந்து வைத்த ஆசிரியை



கோல்ஃப் என்ற சொல்லைக் கேட்டவுடனே, "அது துரைமார் ஆட்டமாயிற்றே; நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று வினவுவோர் நம்முள் மிகுதி. அவ்வாறு வினவுவதில் தவறொன்றும் இல்லை. மூணாற்றில் ஹைரேஞ்ச் கிளப்பின் திடலையும், குண்டளைப் பக்கத்துத் திடலையும் சாலையில் நின்று பார்த்தவர் நம்மில் பலர். மட்டையைக் கையில் ஏந்தி அவற்றில் நடந்தவர் மிகச் சிலரே. மலைநாட்டுக் கிளப்புகள் தோன்றிய காலத்தில் அவை வெள்ளையருக்கே உரியனவாக இருந்தன. புல்லை வெட்டவும், ஆடுவோரின் பையைச் சுமக்கவும் உழைப்பாளி உள்ளே செல்லலாம். ஆடுவதற்குச் செல்ல இயலாது. இந்த நிலையை நம் முன்னோர் கண்டது போலவே, கடலுக்கு அப்பால் வேறொரு குடும்பமும் கண்டது. அக்குடும்பத்தில் பிறந்து, சிறுவர் சிறுமியருக்கு இவ்வாட்டத்தைக் கற்பிப்பதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட ரெனீ பவல் அம்மையாரைப் பற்றியே இத்திங்கள் எழுத விரும்புகிறேன்.

ஆட்டத்தை அறியாதார்க்கு முதலில் இரண்டொரு சொல். தொலைவில் கொடி நாட்டிய ஒரு சிறு குழி. அதில் பந்தை மட்டையால் அடித்து விழச் செய்ய வேண்டும். முழுத் திடலென்றால் 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் எல்லாவற்றையும் முடித்தவரே வென்றவர். ஆடுகளமோ பல ஏக்கர் பரப்புடையது. செல்வர் ஆட்டம் என்று பெயர் பெற்றதற்கு அந்த நிலமும் ஒரு காரணம்.

அம்மையாரின் வரலாற்றைத் தந்தையிடமிருந்து தொடங்குவதே முறை. வில்லியம் பவல் 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்து, ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்த கறுப்பினத்தவர். சிறுவனாக இருந்தபோதே கோல்ஃப் திடலில் பை சுமந்து ஆட்டத்தைக் கற்றுக் கொண்டார். இரண்டாம் உலகப் போரில் படைவீரராகப் பிரிட்டனுக்குச் சென்றார். அங்கே அவரை ஆட விடாமல் தடுப்பார் இல்லை. 1946ஆம் ஆண்டு தாய்நாடு திரும்பியபோதோ, நிறத்தைக் காரணம் காட்டித் திடல்கள் அவருக்குக் கதவடைத்தன. நாட்டுக்காகப் போர் புரிந்தவருக்கு நாட்டின் புல்வெளியில் இடமில்லை! போரிலிருந்து மீண்ட வீரருக்கு உரிய கடனும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் வெகுண்டு ஒதுங்கிவிடவில்லை. கறுப்பின மருத்துவர் இருவரும், தம் உடன்பிறந்தாரும் தந்த பொருளைக் கொண்டு, ஈஸ்ட் கான்டன் என்னும் ஊரில் 78 ஏக்கர் பால்பண்ணை நிலத்தை வாங்கினார். மாலை முதல் நள்ளிரவு வரை ஒரு தொழிற்சாலையில் காவற்பணி. பகலெல்லாம் நிலத்தில் கல் பொறுக்குதலும், புல் விதை தூவுதலும். மனைவி மார்செல்லா தோளோடு தோள் நின்று உழைத்தார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு தோட்டத்துக் கீரைப் பாத்தியைக் கொத்தும் நம் தாய்மார்களுக்கு இந்த உழைப்பை விளக்க வேண்டுவதில்லை. 1948இல் ஒன்பது குழிகளுடன் கிளியர்வியூ கோல்ஃப் திடல் திறக்கப்பெற்றது. எந்த நிறத்தவரும் அங்கே ஆடலாம். மற்ற ஒன்பது குழிகளும் அமைந்து திடல் முழுமை பெற முப்பது ஆண்டுகள் சென்றன. 1978இல்தான் அது நிறைவேறிற்று.

திடலுக்கு நிலம் வாங்கிய அதே 1946இல் பிறந்தவர் ரெனீ. மூன்று வயதில் தந்தை அவர் கையில் ஒரு சிறு மட்டையைக் கொடுத்தார். இதை நான் பெரிதாகக் கருதுகிறேன். பெரியவருக்குரிய மட்டையைக் குழந்தையிடம் கொடுத்தால், குழந்தை ஆட்டத்தை வெறுக்கத்தான் கற்றுக் கொள்ளும். அளவுக்கேற்ற கருவியும், அடிக்கச் சற்று இடமும், அருகே நின்று பார்க்கும் ஒரு பெரியவரும் இருந்தால் போதும். மற்றவை தாமே வரும்.

பல்கலைக்கழகத்தில் மகளிர் அணியின் தலைவியாக இருந்த ரெனீ, 1967இல் தொழில்முறை மகளிர் ஆட்டத் தொடரில் நுழைந்தார். அவருக்கு முன் அத்தொடரில் ஆடிய கறுப்பினப் பெண் ஒருவரே. டென்னிஸிலும் புகழ் பெற்ற ஆல்தியா கிப்சன் அவர். பதின்மூன்று ஆண்டுகளில் 250க்கும் மேற்பட்ட போட்டிகளில் ரெனீ ஆடினார். சில ஊர்களில் தங்கும் விடுதிகள் இடந்தர மறுத்தன. கொலை மிரட்டல் கடிதங்களும் வந்தன. 1973இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பட்டத்தை வென்றார். 1979இல் இங்கிலாந்தின் சில்வர்மியர் திடலில் தலைமைப் பயிற்சியாளரானார். அந்நாட்டில் அப்பதவியில் ஒரு பெண் அமர்வது அக்காலத்தில் புதுமை.

இத்தனைக்குப் பின் ஒருவர் பெருநகரத்துச் செல்வர் கிளப்பொன்றில் வசதியாக அமர்ந்திருக்கலாம். அம்மையாரோ தந்தையின் திடலுக்கே திரும்பினார். 1995இல் கிளியர்வியூவின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். அங்கே சிறுவர்க்கும், பெண்களுக்கும், ஆட்டத்தை முன்பு கண்டறியாதவர்க்கும் கற்பிப்பதே அவர் பணியாயிற்று. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பன்முறை சென்று பயிற்சி அளித்தார்.

சிறுவர்க்கு இவ்வாட்டத்தைக் கற்பிப்பதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பெரும்பாலான வேளைகளில் ஆடுபவரைத் தொடர்ந்து நடுவர் வருவதில்லை. தன் அடிகளைத் தானே எண்ணிக் கையொப்பமிட வேண்டும். 1925இல் அமெரிக்க ஓபன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்பார், தம் பந்து சிறிதே அசைந்துவிட்டதாகத் தாமே கூறி, ஓர் அடியைத் தம் கணக்கில் கூட்டிக் கொண்டார். வேறெவரும் அதைக் காணவில்லை. முடிவில் இருவர் சமநிலையில் நிற்க, மறு ஆட்டத்தில் அவர் தோற்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு நேர்மையைச் சொல்லிக் கொடுக்க நூறு நீதிமொழிகளைக் காட்டிலும், ஒரு பென்சிலும் அடிகளைக் குறிக்கும் ஓர் அட்டையும் நன்கு பயன்படும் போலும்.

நம் நாட்டிலும் வாயில்கள் மெல்லத் திறந்தே வருகின்றன. டெல்லியில் பை சுமந்து தொடங்கிய அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் ஐந்து வயதில் மட்டை பிடித்த அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓர் அடி வேறுபாட்டில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அன்று அதிகாலையில் எழுந்து, விதிகள் தெரியாமலே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தவர் எத்தனை பேர்!

ஆயினும் வாளையாற்றுக்கு இப்பாலும் போடிமெட்டுக்கு இப்பாலும் வாழும் நம் இல்லங்களை எண்ணிப் பார்க்கிறேன். சிற்றூர்த் தெருவிலும் எஸ்டேட் லயத்து முற்றத்திலும் பையன்கள் இருட்டும் வரை பந்தடிக்கிறார்கள். பெண் பிள்ளையோ பன்னிரண்டு வயதை எட்டியதும் விளையாட்டை விட்டுவிடுகிறாள். "தண்ணீர் எடுக்க யார்? தம்பியைப் பார்க்க யார்?" என்ற கேள்விகள் பொய்யல்ல, இரு பெற்றோரும் வேலைக்குப் போகும் வீட்டின் துயரம் அவை. ஆனால் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை, "உங்கள் மகளை ஒரு மணி நேரம் மாலையில் விட்டு வையுங்கள்" என்று கேட்டு வந்தால், அவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது நியாயமன்று. மாலை ஒரு மணி நேரத்தை ஊதியமின்றிப் பிறர் பிள்ளைக்குத் தரும் ஆசிரியை எளிதில் கிடைப்பவரல்லர். ஆட்டம் கோல்ஃபாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓட்டமாகவோ, கைப்பந்தாகவோ, கபடியாகவோ இருக்கட்டும்.

அம்மையாருக்குச் சிறப்புகள் காலந்தாழ்த்தி வந்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் 2008இல் டாக்டர் பட்டம் வழங்கியது. 2018இல் ஒரு மாணவர் விடுதிக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவ்வூரில் 1754இல் தோன்றிய பழம்பெருங் கிளப், பெண்களைச் சேர்ப்பதென்று 2014இல் தீர்மானித்தது. 260 ஆண்டுகள் சிந்தித்திருப்பார்கள் போலும்! மறு ஆண்டு முதன்முதலாகக் கௌரவ உறுப்பினரான பெண்கள் எழுவருள் ரெனீ பவலும் ஒருவர். தந்தை வில்லியம் 2009 டிசம்பர் 31ஆம் நாள் மறைந்தார். மகளின் டாக்டர் பட்டத்தைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது.

2011ஆம் ஆண்டு கிளியர்வியூவில் அம்மையார் மற்றொரு வகுப்பையும் தொடங்கினார். அது படையில் பணியாற்றித் திரும்பிய பெண்களுக்கானது. உடலிலும் உள்ளத்திலும் காயம் பட்டவர் அவர்களுள் பலர். 1946இல் போரிலிருந்து திரும்பிய ஒருவரை எந்தத் திடலும் ஏற்காததால் உண்டான அந்தப் புல்வெளியில்தான், அவர்கள் மட்டையைப் பிடிக்கக் கற்றுக் கொண்டார்கள்.