பெண்ணைப் பழிக்கும் சொல்லையும் களைவோம்!

வடசொல்லை நீக்கிய அளவிலேயே தமிழ் தூய்மையுற்றுவிடாது. தமிழாகவே நின்று, தமிழ்ப் பெண்மேல் பழி சுமத்தும் சொற்களும் உள. அவற்றுள் தலையாயது 'கற்பழிப்பு' என்பது. கொடுமை புரிந்தவன் ஆண். அழிந்ததாகச் சொல் கூறுவதோ அவள் கற்பை! பொருளைப் பறிகொடுத்தவரையே கள்வர் என்பதை ஒக்கும் இது. 'வன்புணர்வு' என்று சொல்லுக! குற்றம் செய்தவன் தலைமேலேயே குற்றம் நிற்கும்.

அயற்சொல்லும் இவ்வாறே கொடுமையை மூடிற்று. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி, இளைஞர் சிலர் தெருவில் செய்த அடாத செயலால் உயிரிழந்தாள். அதன்பின் தமிழக அரசு இயற்றிய சட்டத்திற்கு இட்ட பெயர் 'ஈவ்டீசிங்' தடைச் சட்டம். 'ஏவாளைச் சீண்டல்' என்பதே அதன் பொருள். உயிர் குடித்த கொடுமைக்கு விளையாட்டுப் பெயரா? பின்னரே அது 'பெண்களைத் துன்புறுத்துதல்' எனத் திருத்தம் பெற்றது.

வீட்டினுள் நிகழும் கொடுமைக்கோ 'குடும்பச் சிக்கல்' என்று பெயர்! 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த கொட்டிவாக்கத்தைப் பாருங்கள். கடலோரம் மீனவர் குப்பம், சாலையோரம் அடுக்குமனைகள். குப்பத்தில் எழும் அழுகுரல் அடுத்த வீட்டிற்குக் கேட்கும். அடுக்குமனையில் எழுவதோ கதவுக்குள்ளேயே அடங்கும். கேட்டவரும் 'அவர்கள் வீட்டுச் செய்தி' என ஒதுங்குவரேல், இரண்டிற்கும் வேறுபாடு என்ன? அடித்தல் மட்டுமன்று, இழித்துரைத்தலும் பொருள் மறுத்து ஒடுக்குதலும் வன்முறையே என 2005ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது; கணவனின் வீட்டில் தங்கி வாழும் உரிமையையும் அவளுக்கு அளித்துள்ளது. இதனை அறியாத பெண்கள் எத்தனையர்!

வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைக் காட்டி அகரவரிசை தொகுத்தவர் மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார். 1938 நவம்பர் 13இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஈ.வெ. இராமசாமிக்குப் 'பெரியார்' என்னும் பெயரை வழங்கியது அம்மாநாடு. சொல்லின் மீட்பும் பெண்ணின் மீட்பும் அவருக்கு இருவேறு பணிகளாக இருந்தில. நமக்கு மட்டும் ஏன் இருத்தல் வேண்டும்?

மேடையில் தூய தமிழ் முழங்கி, வீட்டில் மனைவியை வாடி, போடி என இழிப்பவன் தமிழ்த் தொண்டனாகான். தமிழன்பர்களே! அடுத்த வீட்டில் அலறல் கேட்பின் கதவைத் தட்டுங்கள். 181 என்னும் பெண்கள் உதவி எண்ணை ஊர்தோறும் எழுதி வையுங்கள். துணையின்றி நிற்பவளுடன் காவல் நிலையம்வரை நடந்து செல்லுங்கள். மகளுக்கு அடக்கம் கற்பிக்குமுன் மகனுக்கு அறம் கற்பியுங்கள்.

சொல்லைத் திருத்துவோம், செயலால் அதனை மெய்ப்பிப்போம்!